கவ்வாத்துல குத்திருச்சு

அக்டோபர் 13, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி முறிந்து தொங்குகிறது. பஸ்ஸை விட்டிறங்கி ஆஸ்பத்திரி வாட்டுக்குள் போவதற்குள் முக்காடு முழுக்க ஈரம்.

பெரிய டொக்டரின் பாரம் நிரப்பும் வேலைக்கு வந்து இன்றோடு மூன்று வாரம். (இனி பெ.டொ. முழுதாக எழுதக் கை வலிக்கிறது.) காயத்தோடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். எங்கே, எப்படி, எதனால், அப்போது யார் கூட. சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்தக் காயம் எதனால் வருகிறதென்று தெரியும், தெரிந்தால் தடுக்கலாம் என்கிறார். அவருக்குத் தமிழ் வராது. தோட்டத்துப் பெற்றோருக்குச் சிங்களம் அரைகுறை. நடுவில் நான். பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள், இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. அதற்காகத்தான் என்னை ஒப்பீஸிலிருந்து சிறுவர் வாட்டுக்கு மாற்றினார்கள்.

இன்று வந்தவை:
கொய்யா மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு.
கேத்தலை இழுத்து நெஞ்சில் ஊற்றிக்கொண்ட ஒன்றரை வயது. அடுப்பு தரையோடு தரை.
லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானில் வழுக்கி நெற்றி. ஐந்து தையல்.
இரும்பு கேற்றில் தொங்கி ஆடி, கேற்றோடு சேர்ந்து விழுந்து கால் எலும்பு.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "சும்மா விழுந்துட்டான் மிஸ்." சும்மா யாரும் விழுவதில்லை, தோண்டிக் கேள் என்பார் பெ.டொ. தோண்டுகிறேன்.

இரண்டரை மணிக்குப் பவித்ரா. ஏழு வயது. லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டம். வலது தொடையின் உட்பக்கம், மேலே, ஓட்டை போல் ஒரு காயம். வெள்ளைச் சீருடை முழுக்க இரத்தம், பார்க்க முடியவில்லை. தூக்கி வந்தது தாய் சுகந்தி. கொழுந்து பறிக்கப் போன உடுப்போடு அப்படியே வந்திருந்தாள்.

எதனால் என்று கேட்டேன்.

"கவ்வாத்துல குத்திருச்சு மிஸ்."

"யார் கூட இருந்தது பிள்ளை?"

"அவுங்க அப்பா கூடத்தான் ஸ்கூல் விட்டு வந்துச்சு. அவரு கவ்வாத்துக்குப் போறவரு."

"அவர் எங்கே?"

"சின்னதப் பாத்துக்க ஆளில்ல மிஸ். லயத்துல இருக்காரு."

கவ்வாத்து என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வாப்பாவின் இரும்புக்கடையில் தேயிலைச் செடி வெட்டும் அந்த வளைந்த கத்திகள் வரிசையாகத் தொங்கும். தோட்டத்து ஆட்கள் வந்து, "மொதலாளி, நல்ல கவ்வாத்து ஒண்ணு குடுங்க" என்பார்கள். கிட்டப் போனால் வாப்பா அதட்டுவார்.

பாரத்தில் எழுதினேன். எதனால்: கவ்வாத்துக் கத்தி. எப்படி: குத்தப்பட்டது. யார் கூட: தகப்பன்.

பெ.டொ. அதை இரண்டு தரம் படித்தார். பிறகு ஆஸ்பத்திரிப் பொலிஸுக்கு ஆளனுப்பினார். காயத்தைக் கழுவித் தைத்தாயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. கத்திக் காயம் என்றால் சுத்தமாக இருக்கும், ஒரு கிழமையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

உம்மாவின் சீனி வருத்தத்துக்கு மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. குடை இன்னும் அப்படியே.

காலையில் தகப்பன் வந்தார். செல்வம். மெலிந்த ஆள், கையில் பிள்ளையின் மாற்றுடுப்புப் பை. வாட்டுக்குள் விடவில்லை, நேரே பொலிஸ் அறைக்கு. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சார்ஜனுக்கு அவசரம். நீட்டவேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

"கவ்வாத்துக் கத்தி உங்களதா?"

"ஆமாங்க."

"பிள்ளை கூட வரும்போது கையில் இருந்ததா?"

"இருந்துச்சுங்க. வேல முடிஞ்சு அப்பிடியே ஸ்கூலுக்குப் போனேன்."

"கவ்வாத்துல வெட்டியது நீங்களா?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "நானுந்தாங்க வெட்டுனேன்." சொல்லிவிட்டு அழுதார்.

சார்ஜன் என்னைப் பார்த்தார். நான்தான் வெட்டினேன் என்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன்.

ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். உடுப்புப் பை மேசையில் கிடந்தது. நான்தான் எடுத்துக்கொண்டு போய்ச் சுகந்தியிடம் கொடுத்தேன். ஏன் கூட்டிப்போறாங்க, ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெற்ற பிள்ளையைக் குத்திய மனிதனுக்கு இரக்கப்பட எனக்கு ஏலாது. செய்தது சரி.

பகல் சாப்பாட்டுக்குப் பருப்பும் கருவாடும். உப்பு கூடிவிட்டது.

அக்டோபர் 15, புதன்

வெயில். அதிசயம்.

மூன்று வாரப் பாரங்களைக் காரணப்படி பிரித்து அடுக்கினேன். விழுந்தவை ஒரு கட்டு, வெந்தவை ஒரு கட்டு, வாகனம் ஒரு கட்டு. அப்போதுதான் கண்ணில் பட்டது. கத்தி என்ற கட்டில் நாலு தாள். பவித்ரா ஒன்று. மற்றது ஒரு பையனின் உள்ளங்கை, இன்னொருவனின் கன்னம், ஒரு சின்னப் பெண்ணின் வயிற்றில் ஆழமான கீறல். வேறு வேறு தோட்டம். எல்லாம் பள்ளி விட்ட நேரம். எல்லோரும் சொன்னது "கவ்வாத்துல". விளையாடும்போது கத்தி பட்டது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பெ.டொ.விடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இதைத்தான் தேடினேன் என்றார். தோட்டங்களுக்கு ஒட்ட ஒரு அறிவித்தல் எழுதச் சொன்னார். எழுதினேன்: கவ்வாத்துக் கத்தியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அறிக்கையில் என் பெயரும் வருமாம். டிசம்பரில் என் வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு இருக்கிறது, இது நல்லதுதான். சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்.

பவித்ராவுக்கு மேல் சுடுகிறது, கொஞ்சம். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. பிஸ்கட் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

சீனி மாத்திரை வாங்கியாயிற்று.

அக்டோபர் 16, வியாழன்

காய்ச்சல் ஏறிவிட்டது. மருந்தை மாற்றினார்கள். தொடை வீங்கிச் சிவந்து, தொட விடமாட்டேன் என்கிறாள். கத்திக் காயம் இப்படிப் போகக் கூடாதே என்று பெ.டொ. தனக்குள் சொன்னது கேட்டது.

செல்வத்தை நீதவான் கோட்டில் நிறுத்தி, இருபத்தோராம் திகதி வரை உள்ளே வைத்துவிட்டார்களாம்.

சுகந்தி என் மேசைக்கு வந்தாள்.

"அவரு என்னா மிஸ் செஞ்சாரு? கவ்வாத்துல விழுந்ததுக்கு அவர ஏன் புடிச்சுக்கிட்டுப் போனாங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "புருஷனைக் காப்பாத்தப் பாக்காதீங்க. பிள்ளையைப் பாருங்க" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போய்த் துணியை நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் போட்டாள். அதிகாரிகளிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று பழகிய ஆட்கள் அப்படித்தான் போவார்கள். போனது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

விழுந்ததுக்கு என்றாளா, குத்தினதுக்கு என்றாளா. சரியாக ஞாபகமில்லை. விழுந்ததுக்கு என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

பின்னேரம். வரிசையாக எழுத வேண்டும்.

இரண்டேமுக்கால். வாட் வாசலில் அறிவித்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன். வாட்டைக் கூட்டித் துடைக்கும் சரோஜா அக்கா பசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கத்தியா மிஸ்? புள்ளைங்க கத்தியிலயா அடிபட்டு வருதுங்க?"

"நாலு பிள்ளை. கவ்வாத்துல குத்திருச்சு என்றுதானே சொல்கிறார்கள்."

சரோஜா அக்கா என்னைப் பார்த்த பார்வை.

"கவ்வாத்துன்னா மலை மிஸ். தேயிலை முத்திப் போனா முட்டிக்குக் கீழ வெட்டி விட்டுருவாங்க, அதான் கவ்வாத்து. வெட்டுன மலையையும் கவ்வாத்துன்னுதான் சொல்லுவோம். கொப்பெல்லாம் சாய்ச்சு வெட்டி, ஊசி ஊசியா நிக்கும். அதுக்குள்ள ஓடி வுழுந்தா குத்தாம என்னா செய்யும்?"

"கடையில் கவ்வாத்து என்று கத்தியைத்தானே கேட்பார்கள்?"

"கடையில கேட்டா கத்திதான். மலையில சொன்னா மலைதான்."

பாவாடையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பைக் காட்டினார். எட்டு வயதில், குறுக்குப் பாதையில் ஓடி விழுந்ததாம்.

கவ்வாத்துல. அந்த 'ல' இடத்தைச் சொன்னது. நான் அதை ஆயுதமாக்கிவிட்டேன். கத்தில குத்திருச்சு, முள்ளுல குத்திருச்சு என்று நாங்கள் சொல்வதில்லையா, அதே 'ல'. ஒரே ஒரு எழுத்து. செல்வம் சொன்னதையும் நினைத்துப் பார்த்தேன். "நானுந்தாங்க வெட்டுனேன்." நானும். ஆட்களோடு சேர்ந்து அந்த மலையை நானும் வெட்டினேன் என்றிருக்கிறார். சிங்களத்தில் சொல்லும்போது 'உம்'மை விட்டுவிட்டேன். என் வாயால் ஒரு மனிதனை உள்ளே தள்ளினேன்.

மூன்று மணி. பெ.டொ. கொழும்புக்கு ஒரு கூட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டார். நம்பர் இருக்கிறது. போனைக் கையில் எடுத்தேன்.

ஆனால் அழைக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். சரோஜா அக்கா சொல்வது ஒரு தோட்டத்துப் பேச்சாக மட்டும் இருக்கலாம். தெரிந்தால் டிசம்பர் போய்விடும். நாளைக்குச் சொன்னாலும் ஒன்றுதான். இப்படி நாலு காரணம். மூன்றாவதைத்தான் முதலாவதாக எழுதியிருக்க வேண்டும். பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"என்ன மகள், சோத்தப் போட்டுக்கிட்டு பாத்துக்கிட்டே ஈக்கிறாய்?" என்று உம்மா.

தலைவலி என்றேன்.

மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்கிறது. நிறுத்துகிறேன்.

அக்டோபர் 18, சனி

முதல் பஸ். மூடுபனி, எதிரே வருவது தெரியவில்லை. எனக்கு இன்று லீவு, யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை.

பவித்ரா கட்டிலில் உதறிக்கொண்டிருந்தாள். கண் பாதி திறந்தபடி. சுகந்தி இரண்டு கையாலும் தோளைப் பிடித்திருந்தாள்.

கடமையில் இருந்த இளம் பெண் டொக்டரிடம் நின்றபடியே சொன்னேன். கத்தி இல்லை, நான் பிழையாக எழுதிவிட்டேன், தேயிலைக் கட்டை குத்தியது.

"மரமா?" என்றாள் அந்தப் பெண். அவள் முகம் மாறியது. மரத்துண்டு உள்ளே இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாதாம். கத்தி என்றதால் யாரும் தேடவில்லை. என்னை அப்படியே விட்டுவிட்டு ஸ்கேனுக்கு ஓடினாள்.

இருந்தது. ஆழத்தில்.

பெ.டொ.வுக்கு நானே போன் எடுத்தேன்.

"எப்போது தெரியும் உனக்கு?"

"நேற்று மூன்று மணிக்கு, சேர்."

போனை வைத்துவிட்டார். கூட்டத்தை விட்டு வந்து, ஒன்றரைக்கு வாட்டில் நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு மணிக்குத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

வெளியே வாங்கில் நானும் சுகந்தியும். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன்.

நாலரைக்கு வந்தார்கள். சின்னப் போத்தலில் ஒரு துண்டு. இரண்டு விரற்கணு நீளம். பட்டையில் பாசி. ஒரு முனை சாய்வாக வெட்டுப்பட்டது, மறுமுனை முறிந்து நார் நாராக. சுற்றிலும் சீழ் கட்டியிருந்ததாம். விஷம் இரத்தத்தில் இறங்கிவிட்டதா என்பது இரண்டு நாளில் தெரியும் என்றார் பெ.டொ. நேற்றுத் தெரிந்திருந்தால் நல்லது என்றும் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

தூறல்.

பவித்ரா தீவிர சிகிச்சையில். காய்ச்சல் அப்படியே. கண்ணாடி வழியே காலின் நுனி மட்டும் தெரிகிறது.

சுகந்தியிடம் சொன்னேன். நீங்கள் சொன்னதை நான் மாற்றி விளங்கிக்கொண்டேன், கத்தி என்று எழுதினேன், அதனால்தான் அவரைப் பிடித்தார்கள், அதனால்தான் கட்டையைத் தேடவில்லை. நேற்று முன்தினமே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நான் மொத நாளே சொன்னேனே மிஸ்" என்றாள்.

பிறகு, "அப்ப அவர விட்டுருவாங்களா?"

பெ.டொ.வின் கடிதத்தோடு பொலிஸுக்குப் போனேன். சார்ஜன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ஆனால் கோட்டில்தான் விட முடியும். நாளைக்கு விடுமுறை. செவ்வாய் பார்க்கலாம் என்றார்.

சுகந்தியிடம் செவ்வாய் என்றேன்.

"நாளைக்குத் தீபாவளி" என்றாள். குறையாகக் கூடச் சொல்லவில்லை.

இந்தப் பொறுமையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடுமுறை என்றாலும் வந்தேன். பஸாரில் பாதிக் கடை பூட்டு.

காய்ச்சல் ஒரு டிகிரி கீழே. பதினொரு மணிக்கு இன்னும் கொஞ்சம். எழுதவே பயம்.

வாட்டில் இன்று பட்டாசுக் காயங்கள். வெடிக்காததைக் குனிந்து ஊதிய பையன், புருவம் இல்லை. சட்டைப் பையில் வெடி வைத்திருந்தவன். எல்லாருக்கும் பாரம் நிரப்பினேன். ஒவ்வொரு பதிலையும் திருப்பிச் சொல்லி, இதைத்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒரு தகப்பன், மிஸ்ஸுக்குக் காது கேட்காதா என்று மனைவியிடம் கேட்டார்.

மற்ற மூன்று வீட்டுக்கும் போன் எடுத்தேன். மூன்றும் மலைதான். உள்ளங்கைக்காரன் விழும்போது கையை ஊன்றியிருக்கிறான். கன்னத்துக்காரனுக்குக் கண் தப்பியது அதிர்ஷ்டம். எல்லாம் பள்ளி விட்டு, வெட்டிய மலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கியபோது. அறிவித்தலைக் கிழித்துப் போட்டேன். பாதை ஓரத்துச் செடிகளை மட்டும் தளிர்க்கும் வரை வேலி கட்டி மறைக்கச் சொல்லி எழுதலாம் என்கிறார் பெ.டொ. இன்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். டிசம்பரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குப் பவித்ரா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். பிறகு, ஸ்கூல் பேக் எங்கே என்று.

சரோஜா அக்கா பலகாரம் கொண்டுவந்திருந்தார். சுகந்தி ஒரு முறுக்கை உடைத்து எனக்கும் நீட்டினாள். வாங்கினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நல்ல மழை.

கோட்டுக்கு நானே போனேன். கூண்டில் ஏறி, பிழை என்னுடையது, அந்த மனிதர் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு என்று சொன்னேன். நீதவான் என்னை மேலும் கீழும் பார்த்தார். பதினொன்றரைக்குச் செல்வத்தை விட்டார்கள். அதே சட்டை. நனைந்துகொண்டே நடந்து வந்தார், குடைக்குள் வரச் சொன்னேன், வரவில்லை.

பிள்ளையை வாட்டுக்கு மாற்றியிருந்தார்கள். தகப்பனைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் என் மேசைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க எழுந்தேன், இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம். அவர் கேட்கவில்லை. கோட்டில் காட்டிவிட்டு நான் மேசையில் வைத்திருந்த போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவா மிஸ்?"

ஆம் என்றேன். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெல்லத் திருப்பினார். வெட்டுப்பட்ட முனை அவர் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"பத்துப் பேரு வெட்டுன மலைங்க" என்றார்.

போத்தலை இன்னும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"என் கத்தி வாயில ஒரு பொக்கை இருக்கு. வெட்டுற எடத்துல எல்லாம் நூலு மாதிரி ஒரு கோடு விழும். தீட்டணும் தீட்டணும்னு இருந்தேன்."

போத்தலை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். சாய்வான முகத்தின் நடுவே, மயிரிழை போல, ஒரு கோடு.

உள்ளேயிருந்து சுகந்தி அவரைக் கூப்பிட்டாள், பிள்ளைக்குச் சோறு ஊட்ட வரச் சொல்லி. போக இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இத அவகிட்ட சொல்லிறாதீங்க மிஸ்."

சொல்லமாட்டேன் என்றேன்.